பழைய ஃபிரேம் போட்ட அலங்காரப் படங்கள்: விற்கும் விலையை எப்படிப் போடுவது?

கேள்வி: நீலவண்ணன்

ஃபிரேமோடு சில பழைய பிரிண்ட்கள் மொத்தமாக வந்திருக்கின்றன, மறுவிற்பனைக்கு.
1. பூங்கொத்துப் படம், ஜோடி. வலது மூலையில் கையெழுத்து இருக்கிறது.
2. அமெரிக்க ஓவியர் மாக்ஸ்ஃபீல்டு பாரிஷின் 'டேபிரேக்'. படப்பகுதி மட்டும் 10×18 அங்குலம்.
3. 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' என்று அடியில் அச்சான பனிக்காலக் காட்சி.

இணையத்தில் ஒரே படத்துக்கு ஒருவர் கேட்பதுபோல் பத்து மடங்கு இன்னொருவர் கேட்கிறார். எதை நம்புவது? ஃபிரேமைக் கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: கல்லச்சு

விலையைத் தேடுவதற்கு முன்னால் எப்படி அச்சானது என்று பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று போதும். வானம், முகம் மாதிரி நிறம் மெல்ல மாறும் இடத்தில் வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை தப்பாமல், சின்னச் சின்ன வட்டப்பூ போலச் சேர்ந்து நின்றால் அது புகைப்பட முறையில் எடுத்த ஆஃப்செட் போன்ற புள்ளி அச்சு. ஒழுங்கில்லாத பொடி மணல் போலத் தெரிந்தால் கல்லச்சாக (கல்லில் வரைந்து அச்சடித்ததாக) இருக்கலாம். படத்தைச் சுற்றித் தாள் சதுரமாக அமுங்கியிருந்தால் செப்புத்தகடு போன்ற தகட்டில் அச்சடித்தது.

மூன்றாவது படத்துக்கு இந்தச் சோதனையே பாதி முடிவைச் சொல்லிவிடும். அதை வெளியிட்ட அமெரிக்க அச்சு நிறுவனம் 1907-இல் மூடப்பட்டது. 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' என்ற பெயர் 1857-இல்தான் வந்தது. அசல்கள் கல்லச்சு, பெரும்பாலும் கையால் வண்ணம் தீட்டியவை. நிறத்தில் புள்ளி வரிசை தெரிந்தால் பிற்கால மறுபதிப்பு, காலண்டர் படமாகவும் இருக்கலாம். அடியில் இருக்கும் பெயரையும் சேர்த்தே மறுபதிப்பு செய்திருப்பார்கள், எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பாரிஷுக்கு இதே கணக்குப் போடாதீர்கள். 1920களில் புள்ளி அச்சு சாதாரணமாகப் புழங்கியது, புள்ளி இருந்தாலே புதுசு என்று ஆகிவிடாது. அங்கே அளவுதான் முதல் சான்று: பழைய 'டேபிரேக்' 6×10, 10×18, 18×30 அங்குலங்களில் வந்தது. உங்களுடையது நடு அளவுக்குப் பொருந்துகிறது, அடுத்து தாளைப் பாருங்கள்.

கையெழுத்தும் அப்படித்தான். லூப்பில் அதுவும் புள்ளியாகத் தெரிந்தால் படத்தோடு அச்சானது, தனி மதிப்பு கிடையாது. பென்சில் என்றால் பக்கவாட்டு வெளிச்சத்தில் கரி மினுங்கும், தாளில் லேசான பள்ளம் தெரியும்.

பதில்: வெள்ளித்தாள்

கழற்றலாம், ஆனால் அவசரம் வேண்டாம். மெத்தென்ற துணியில் கவிழ்த்து வைத்து, பின்பக்கத் தாளை உள்விளிம்பு ஓரமாக மட்டும் பிளேடால் கீறுங்கள். லேபிள் இருந்தால் அது கிழியாமல் சுற்றி வெட்டுங்கள், அதுவும் விற்பனைக்குச் சான்று. ஆணிகளைக் குறடால் அவற்றின் போக்கிலேயே இழுக்கவும். படம் கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இழுத்தால் மையும் தாளின் மேல்தோலும் சேர்ந்து உரியும்.

வெளியே எடுத்ததும் மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி ஃபிரேமுக்குள் வைக்கும் ஓர அட்டை) மறைத்திருந்த விளிம்பைப் பாருங்கள், விலை அங்கேதான் முடிவாகிறது. அட்டைக்கு அடியில் நிறம் பளிச்சென்று இருந்து வெளியே தெரிந்த பகுதியில் நீலம் பாய்ந்திருந்தால் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் போய்விட்டன, அது திரும்பாது. அட்டையின் வெட்டு விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் அமில அட்டையின் வேலை. வெள்ளை ஓரத்தை ஃபிரேமுக்காக வெட்டியிருந்தாலும், முழுப்படத்தையும் பலகையில் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தாலும் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் விலகிவிடுவார்கள்.

இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி கலந்த தாள், கிட்டத்தட்ட 1950க்குப் பிந்தியது. ஒளிராவிட்டால் பழசு என்று அர்த்தமில்லை, இன்றும் அது கலக்காத தாள் வருகிறது.

பதில்: மரச்சட்டம்

கேட்கும் விலையைப் பார்க்கவே வேண்டாம். ஈபேயில் 'விற்றவை' வடிகட்டியைப் போடுங்கள், அண்மை விற்பனைகள் வரும். அதே அளவு, அதே நிலையில் ஐந்தாறு எடுத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவை வைத்துக்கொள்ளுங்கள். தளக் கட்டணம், பேக்கிங், அனுப்பும் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் விலை. சாதாரண ஆஃப்செட் பூப்படத்துக்கு இந்தக் கணக்கில் பல நேரம் ஒன்றும் மிஞ்சாது. அப்போது ஃபிரேமைத் தனியாக மதிப்பிடுங்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள மரச்சட்டம் படத்தைவிட விலைபோவது சகஜம். மூலை இணைப்பு ஆடுகிறதா, வேலைப்பாடு மரத்தில் செதுக்கியதா, அச்சில் வார்த்த கலவையா என்று பாருங்கள்.

ஜோடியைப் பிரிக்காதீர்கள். மறுபதிப்பு என்று தெரிந்தால் விளம்பரத்தில் 'மறுபதிப்பு பிரிண்ட்' என்றே எழுதுங்கள், லூப்பில் எடுத்த நெருக்கப் படத்தையும் போடுங்கள், திருப்பி அனுப்புவது குறையும். கண்ணாடியோடு அனுப்புவதாக இருந்தால் மேலே மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தைக் கீறுவது குறையும். பெட்டிக்குள் பெட்டி, நாலு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி.

நீலவண்ணன்

பூப்படக் கையெழுத்து புள்ளிதான், பனிக்காட்சியும் மறுபதிப்பு. பாரிஷில் ஓரம் வெட்டாமல் இருக்கிறது, தாள் ஒளிரவில்லை. அதைச் சுத்தம் செய்யலாமா?

வெள்ளித்தாள்

மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி, அழிப்பான், பிளீச் எதுவும் வேண்டாம். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அப்படியே படம் பிடித்து விளம்பரத்தில் காட்டுங்கள். தாள் பாதுகாப்பாளரிடம் (பழைய தாளைச் செப்பனிடும் வல்லுநரிடம்) போவதா என்பதை வாங்குபவரே முடிவு செய்யட்டும்.