மறு: வார்கேர்(10)-இல் அந்தப் பத்து எதன் எண்ணிக்கை?

நெல்லை ஆசிரியை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தரவுத்தளப் பாடக்குறிப்பு தமிழில் தயாராகிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், இரண்டு சொற்களில் நிற்கிறது.

தரவுத்தள அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் எவ்வளவு நீளச் சொல் போடலாம் என்று வரம்பு வைக்கும் தரவு வகை வார்கேர். ‘வார்கேர்(10) என்றால் பத்து கேரக்டர்’ என்பதை வழக்கமாக ‘பத்து எழுத்து’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஆய்வகத்தில் அது நிற்பதில்லை. நூல் தலைப்புக்கு வார்கேர்(10) என்று அட்டவணை போட்டு, அதில் ‘தொல்காப்பியம்’ என்று இட்டால் மைஎஸ்கியூஎல் என்கிற தரவுத்தள மென்பொருள் ‘தரவு மிக நீளம்’ என்று திருப்பிவிடுகிறது. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிறார்கள்: தொ, ல், கா, ப், பி, ய, ம். ஏழுதானே மேடம், இன்னும் மூன்றுக்கு இடம் இருக்கிறதே என்கிறார்கள். லெங்த் (நீளம்) என்று கேட்டால் 39 வருகிறது. அது பைட், அதாவது சேமிப்பு இடத்தின் அளவு, சொல்லிக்கொடுத்துவிடலாம். கேர்_லெங்த் (கேரக்டர் நீளம்) என்று கேட்டால் 13. த, ஒகரக் குறி, ல, புள்ளி, க, கால், ப, புள்ளி, ப, இகர விலங்கு, ய, ம, புள்ளி. இந்தப் பதின்மூன்றில் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர்?

இரண்டாவது, டெக்ஸ்ட் என்கிற தரவு வகை. ‘நீண்ட உரை’ என்று எழுதினால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.


தஞ்சைப் பேராசிரியர் எழுதியது:

அம்மா, ஏழு என்பதும் ஒரு கணக்குத்தான். கட்டளைக் கலித்துறைக்கு ‘நேர் பதினாறே நிரை பதினேழ்’ என்று அடிதோறும் எழுத்தெண்ணும்போது புள்ளி வைத்த மெய்யெழுத்துகளை விட்டுவிடுவோம். அந்த முறையில் தொல்காப்பியம் நான்கெழுத்துச் சொல்: தொ, கா, பி, ய. ‘எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்ப’ என்ற தொல்காப்பியருக்கோ ‘தொ’ தனியெழுத்தே அன்று. த் ஒன்று, ஒ ஒன்று. அப்படி விரித்தால் பதினொன்று. நான்கு, ஏழு, பதினொன்று என மூன்று கணக்கு நம்மிடமே இருக்கிறது. பொறி சொல்லும் பதின்மூன்று இவற்றில் எதிலும் சேராது, ஏனென்றால் காலையும் ஒகரக் குறியையும் புள்ளியையும் அது தலைக்கு ஒன்றாக எண்ணுகிறது. ஆகவே ‘எழுத்து’ என்ற சொல்லைப் பொறிக்குக் கொடுக்க வேண்டாம். ‘எழுத்துறுப்பு’ என்று சொல்லலாம்.

இரண்டாவதற்கு ‘பனுவல்’ என்பதைவிட வேறு சொல் தேட வேண்டியதே இல்லை. நன்னூல் பாயிரத்தில் ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக’ என்று தொடங்கும் பாட்டை எல்லாரும் அறிவோம். சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு நூற்கும் கதிர். புறநானூறு 125-இல் ‘பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன’ என்று வரும்போது பனுவல் என்பது கொட்டி எடுத்த பஞ்சேதான். டெக்ஸ்ட் என்ற சொல்லும் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அவர்கள் தறிக்குப் போனார்கள், நாம் கதிருக்குப் போனோம். பன்னுதல் என்றால் பஞ்சு எஃகுதல், ஆராய்ந்து சொல்லுதல், திரும்பத் திரும்பச் சொல்லுதல் எல்லாம்தான். பன்னிப் பன்னிப் பேசுகிறான் என்கிறோமே! நெடும்பனுவல் என்று வையுங்கள்.


கோவைப் பொறியாளர் எழுதியது:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் இந்தப் பிள்ளை நாளை வேலைக்குப் போனால் திரையில் பார்க்கப்போவது ‘டெக்ஸ்ட்’ என்ற நான்கு எழுத்துத்தான். உரை என்றாலே புரியும். புரியாமல் போவது அளவு. மைஎஸ்கியூஎல்லில் டெக்ஸ்ட் வகைக்கு உச்சம் 65,535 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் கிட்டத்தட்ட அத்தனை எழுத்தும் பிடிக்கும். எல்லா மொழிக் குறிகளுக்கும் எண் தரும் யுனிகோடைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் மூன்று பைட் என்பதால் 21,845 குறிதான். ‘தொல்காப்பியம்’ என்ற சொல்லையே இடைவெளி விட்டு எழுதிக்கொண்டு போனால் 1,638 தடவையில் நிறைந்துவிடும். ஒரு நீண்ட கட்டுரைக்குப் போதாது. அதற்கு மீடியம்டெக்ஸ்ட் எடுக்க வேண்டும், அது 1.6 கோடி பைட்டுக்கு மேல். பெயர் எதுவாக இருந்தாலும் பக்கத்தில் இந்த அளவைப் போடுங்கள் அம்மா.

முதல் சொல்லுக்கு வருகிறேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் பத்து எல்லாத் தரவுத்தள மென்பொருளிலும் ஒன்றல்ல. மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் நீங்கள் சொன்ன பதின்மூன்றைத்தான் எண்ணுகின்றன. ஆரக்கிளில் யாரும் மாற்றாவிட்டால் அது பைட். வார்கேர்2(10) என்று போட்டால் த, ஒகரக் குறி, ல என்று மூன்றோடு ஒன்பது பைட் ஆகிவிடும், நான்காவதற்கு இடமில்லை. எஸ்கியூஎல் சர்வரின் என்வார்கேர்(10) இரண்டிரண்டு பைட்டாக எண்ணுகிறது. இத்தனை குழப்பத்துக்கு நடுவில் புதுச்சொல் வேறு எதற்கு? யுனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்ணை ஆங்கிலத்தில் சொல்வதுபோல ‘கோட் பாயின்ட்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம்.


யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பாடத்தில் கேரக்டருக்கு ‘வரியுரு’ என்று பாவிக்கிறோம். பிள்ளைகளுக்கு விளங்குது. வரிவடிவம் என்று இலக்கணத்திலும் இருக்கிறபடியால் வேரும் பிழையில்லை. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாக ஒன்று? தரவுத்தளத்தின் நிரலிலும் ‘இத்தனை வரியுரு’ என்றுதான் எழுதுவோம்.


கோவைப் பொறியாளர்:

நிரல் என்றால் எங்களுக்கு புரோகிராம். நீங்கள் சொல்வது நெடுவரிசை என்று ஊகித்துக்கொண்டேன் :)


யாழ்ப்பாணத்திலிருந்து:

நிரை, நிரல் இரண்டும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்திலும் இருக்கே!


தஞ்சைப் பேராசிரியர்:

வரியுருவின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. இந்த இடத்துக்கு மட்டும் பொருந்தவில்லை. வரி, உரு இரண்டுமே கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கின்றன. ஒகரக் குறி கண்ணுக்கு இரண்டு துண்டு, முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். சேமிப்பிலோ அது ஒன்று. உருவைப் பார்த்து எண்ணும் பிள்ளை பதினான்கு என்று சொல்லும்.


கோவைப் பொறியாளர்:

சில நேரம் அந்தப் பதினான்கும் சரிதான் ஐயா. யுனிகோடில் ஒகரக் குறிக்குத் தனி எண் உண்டு. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தாலும் அது அதே எழுத்துக்குச் சமம் என்று விதி. சில பழைய எழுத்துரு மாற்றிகள் இப்படிப் பிரித்துத்தான் தருகின்றன. அப்போது அதே சொல் 14 குறி, 42 பைட். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைட்டுக்குப் பைட் பார்க்கும் பைனரி ஒப்பீட்டில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பாடக்குறிப்பில் கலைச்சொல்லை விட இது முக்கியம். சேமிக்கும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.


சேலத்திலிருந்து:

இத்தனை பாடும் எதற்கு? தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்-16 குறியேற்றத்தில் ஓர் உயிர்மெய்க்கு ஓர் இடம். தொல்காப்பியம் என்றால் ஏழு. பிள்ளை எண்ணியதும் கணினி எண்ணியதும் ஒன்றாகிவிடும். அன்று எல்லாரும் அதைப் பிடித்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது.


மட்டுறுத்துநர்:

டேஸ்-16 பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். ஆசிரியைக்குத் திங்கட்கிழமை கெடு. மாணவர் கையில் இருக்கும் தரவுத்தளம் யுனிகோடில்தான் ஓடுகிறது.


சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘கோட் பாயின்ட்’ என்பதைக் ‘குறிப்புள்ளி’ என்று நேராகப் பெயர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தமிழில் அது ஆபத்து. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று படித்த பிள்ளைக்குப் புள்ளி என்றால் மேலே வைப்பதுதான். ‘தொல்காப்பியத்தில் எத்தனை குறிப்புள்ளி’ என்றால் மூன்று என்று சொல்லும், அதில் தவறும் இல்லை.

எழுத்துறுப்பு என்பதிலும் ஒரு சிக்கல். அ, க போன்றவை முழு எழுத்து. அவற்றை உறுப்பு என்று எப்படிச் சொல்வது? வகுப்பில் ஆங்கில எழுத்தும் எமோஜியும் வரும், அவற்றுக்கு உறுப்பு ஏது? பல மொழி ஒரே அட்டவணையில் உட்காரப்போகிறது என்றால் சொல்லும் எல்லா மொழிக்கும் பொருந்த வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் யுனிகோடு ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. த-வுக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். ‘குறியெண்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இந்த நெடுவரிசை பத்துக் குறியெண் கொள்ளும், தொல்காப்பியத்துக்குப் பதின்மூன்று குறியெண் வேண்டும்.’ விளக்கம் இல்லாமலே வாக்கியம் நிற்கிறது.


கும்பகோணத்திலிருந்து:

குறியெண் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வேண்டுகோள்: பாடத்தில் ‘தமிழ் என்றால் மூன்று பைட்’ என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். பழைய நிலக் கணக்குகளைத் தட்டச்சு செய்பவன் நான். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகிய குறிகள் 2019-இல் யுனிகோடு 12.0-இல்தான் தனித் தொகுதியாக வந்தன. அவை யுனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொன்றும் நான்கு பைட். மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் நெடுநாள் இருந்தது மூன்று பைட்டோடு நின்றுவிடும், முந்திரி அதற்குள் போகாது. நான்கு பைட் வரை கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4 என்று கேட்டு வாங்க வேண்டும். 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக வருகிறது, ஆனால் பழைய அட்டவணைகள் பழையபடிதான் கிடக்கின்றன. எமோஜிக்காக எல்லாரும் மாறினார்கள். நம் முந்திரிக்கும் அதே கதவுதான்.


நெல்லை ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. குறியெண் என்று ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள், தனிமடலில் வந்ததையும் சேர்த்துத்தான். அதையே எடுத்துக்கொள்கிறேன். டெக்ஸ்ட் வகைக்கு ‘நெட்டுரை’. அடைப்புக்குள் 65,535 பைட், 21,845 குறியெண். பேராசிரியர் ஐயா, பனுவல் பாட்டைப் பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன். நான்கு, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தொன்பது என்று ஐந்து கணக்கையும் ஒரே அட்டவணையில் கொடுத்து, அதையே பயிற்சிக் கேள்வியாக வைத்துவிட்டேன். கொம்பு–கால் பத்தியும் சேர்ந்தது.


தஞ்சைப் பேராசிரியர்:

பெட்டிச் செய்திக்கு மகிழ்ச்சி. குறியெண்ணுக்கு என் உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’ என்று இரண்டு கண்ணாக வைத்ததை ஒன்றாக்கிவிடுகிறது. நாளைக்கு ஒரு மாணவன் பத்துக் குறியெண் என்பதைப் பத்து இலக்கம் என்று படித்துத் தொலைபேசி எண்ணைப் போட்டு வைப்பான்.


சென்னை மொழிபெயர்ப்பாளர்:

போடட்டும் ஐயா, பத்து இலக்கமும் பத்துக் குறியெண்தானே. சரியாகவே உட்காரும்.


யாழ்ப்பாணத்திலிருந்து:

நாங்கள் வரியுருவை மாற்றப்போவதில்லை. பின்னிணைப்பில் சொற்பட்டியல் வருமென்றால் குறியெண்ணுக்குப் பக்கத்தில் வரியுருவையும், நெடுவரிசைக்குப் பக்கத்தில் நிரலையும் போட்டுவிடுங்கோ. உங்கட குறிப்பை இங்கேயும் படிப்பார்கள். அப்புறம் ஒன்று: குறியெண் வரிசைப்படி அடுக்கினால் ‘அகில்’ முன்னும் ‘அக்கா’ பின்னும் வருகுது, னகரம் நகரத்துக்கு அடுத்து வந்து நிற்குது. அந்த அடுக்குமுறைக்கு, கொலேஷன் என்பதற்கு, என்ன போடப்போகிறீர்கள்?


மட்டுறுத்துநர்:

அதற்குப் புது இழை திறக்கிறேன். பேராசிரியர் ஐயா எழுத்து வரிசையைச் சொல்லும் நன்னூலின் ‘முறை’யோடு வருவார் என்று தெரியும், திங்கட்கிழமைக்குள் வந்தால் நல்லது.