ரீபோர் பண்ண ஆர்எக்ஸ் 135க்கு லிட்டருக்கு 50 மில்லியா? யாரு சாமி சொன்னது?

மண்தடம்_மாரி:
முந்தாநேத்து ஒரு வீடியோ பாத்ததுல இருந்து வயிறு எரியுது. யமஹா ஆர்எக்ஸ் 135 டூ-ஸ்ட்ரோக் பைக்கோட பிளாக்க, அதான் சிலிண்டர, கழட்டி ரீபோர் போட்டு (உள்ள கடஞ்சு பெருசாக்கி) புது பிஸ்டன் மாட்டிட்டு, "ரன்-இன், அதான் புது பிஸ்டன பழக்குற ஓட்டம், முடியுற வரைக்கும் லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி ஆயில் ஊத்துங்க, 25 ஊத்துனா பிஸ்டன் செத்துடும்"னு ஒருத்தர் அடிச்சு சொல்றாரு. கீழ வரிசையா நன்றிண்ணே நன்றிண்ணேன்னு கும்பிடு வேற. எங்க வண்டியெல்லாம் பட்டன் டயர் போட்டு மண்ணுல ஓட்டுறது, ஆயில் பம்ப கழட்டிட்டு பெட்ரோல்லயே கலந்துதான் ஊத்துறோம். அந்த பேச்ச நம்பி எங்க ஊர் பையன் 50 ஊத்துனான், மூணாவது ரவுண்டுலயே சீஸ், பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சு நின்னுருச்சு. நான்தான் ஹெட்ட கழட்டி பாத்தேன், பிஸ்டன சுத்தி நாலு இடத்துல மேலிருந்து கீழ கோடு கோடா உரிஞ்சிருக்கு. ஆயில் கூடுனா கார்பரேட்டர் ஜெட்டு ஓட்ட வழியா போற பெட்ரோல் குறையும், லீன் ஆவும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இருக்காது, சூடேறும். இது தெரியாதவங்க எதுக்கு வீடியோ போடணும்?

சேலம்_சைலன்ஸர்:
தம்பி, 50 தான். எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹா வண்டி செஞ்ச காலத்து ஆர்எக்ஸ் 100ல இருந்து பாத்துட்டு வர்றேன், இந்த கையால எத்தன பிளாக் இறக்கியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. புது பிஸ்டனுக்கு 50 ஊத்தாம வண்டிய வெளிய விட்டதில்ல, ஒண்ணு திரும்பி வந்ததில்ல. பையன் சும்மா முறுக்கியிருப்பான், பழி ஆயில் மேல.

கிக்கர்98:
சைலன்ஸர் அண்ணே, நீங்க சொல்ற 50 பழைய மினரல் ஆயில் காலத்து கணக்கு. இப்ப வர்ற நல்ல சிந்தெடிக்குக்கு 25 தாராளம், அதாவது 40க்கு 1. டின்னுலயே அச்சடிச்சிருக்கான், படிச்சு பாருங்க. அப்புறம் ரன்-இன் ரன்-இன்னு ரெண்டு பேரும் எத சொல்றீங்க? ரோட்டுல 500 கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுறதா, இல்ல மண்ணு வண்டிக்கு மூணு தடவ சூடாக்கி ஆறவிட்டு இறக்குறதா? ரெண்டும் வேற வேற.

சேலம்_சைலன்ஸர்:
டின்ன படிச்சு மெக்கானிக் ஆனவங்க கூடல்லாம் பேசுற காலம் வந்துருச்சு. 50.

பொள்ளாச்சி_போர்செட்:
மாரி தம்பி, ஒரு விசயம் சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. நாலு பக்கமும் கோடு விழுந்திருக்குன்னா அது லீன் சீஸ் இல்லீங்க. லீனா ஓடி சூட்டுல பிடிச்சா சைலன்ஸர் பக்கம் இருக்குற மூஞ்சியிலதான் மொதல்ல உரியும், மேல வரைக்கும் அரிச்ச மாதிரி இருக்கும். நாலு மூலையிலயும் பிடிச்சுதுன்னா போர், அதான் கடஞ்ச சிலிண்டர் ஓட்ட, டைட்டு, இல்லீன்னா வண்டிய சூடாக்காம ஒதச்சவுடனே முறுக்கியிருக்காங்க. பிஸ்டன் அலுமினியம், உள்ள ஸ்லீவு இரும்பு, சூடேறுனா அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும்ங்க. ஸ்லீவு சூடேறுறதுக்குள்ள பிஸ்டன் பெருத்துருது, போறதுக்கு எடமில்ல. போர் எங்க போட்டீங்க, பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல எத்தன பாயின்ட் (ஒரு பாயின்ட்டுன்னா 0.01 மில்லிமீட்டர்) கேப் விட்டாங்கன்னு கேட்டு சொல்லுங்க. ஆயில்ல ஒண்ணுமில்லீங்க இதுல.

மண்தடம்_மாரி:
போர் எல்லாம் கோவையில நல்ல லேத்துல போட்டதுதான். 58 மில்லிமீட்டர்ல இருந்து 58.50க்கு. பிரச்சன ஆயில்தான், நான் கண்ணால பாத்தேன், 50 ஊத்துனான், போச்சு.

சேலம்_சைலன்ஸர்:
50 ஊத்துனதால போச்சுன்னு சொல்றவங்க 25 ஊத்தியிருந்தா ரெண்டாவது ரவுண்டுலயே போயிருக்கும்னு ஏன் யோசிக்க மாட்டேங்கறாங்க? 50 தான் அவன மூணாவது ரவுண்டு வரைக்கும் கொண்டுபோச்சு.

கிக்கர்98:
இருங்க, கணக்கு போட்டுருவோம். 1 லிட்டர்ல 50 மில்லி கலந்தா மொத்தம் 1050, அதுல பெட்ரோல் 95.2 சதவீதம். 25 கலந்தா 97.6. வித்தியாசம் வெறும் ரெண்டு சொச்சம். அதுக்கே லீனாயி சீஸ் ஆவுதுன்னா உங்க ஜெட்டு ஏற்கனவே சின்னதா இருக்குன்னு அர்த்தம். ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டா சரியா போச்சு. அத விட இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் இந்த பழைய கார்பரேட்டர லீனாக்குது, அத பத்தி ஒருத்தரும் வாய தொறக்கல.

ஷோகன்_பித்தன்:
இதுக்குத்தான் அப்பவே சுசுகி ஷோகன் பைக் வாங்குங்கன்னு சொன்னது. 108 சிசில 14 குதிரை. உங்க ஆர்எக்ஸ் நாலு கியர் 132 சிசி வச்சுட்டு 12.

சேலம்_சைலன்ஸர்:
வந்துட்டாரு. போன வருசம் கிளட்ச் பிளேட் பேச்சுல பதில் சொல்லாம ஓடுனவர்தானே நீங்க? அந்த ஷோகனுக்கு இன்னிக்கு ஒரு ஒரிஜினல் பிஸ்டன் எங்க கெடைக்கும்னு சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன். ஆர்எக்ஸுக்கு சென்னை புதுப்பேட்டையில போய் நின்னா பத்து கடையில எடுத்து வைப்பான்.

ஷோகன்_பித்தன்:
ஓடல, மகளுக்கு காய்ச்சல். பத்து கடையில எடுத்து வைக்கிறதுல எத்தன ஒரிஜினல்? பொட்டி மட்டும் ஒரிஜினல், உள்ள இருக்கறது எடை பாத்தாலே தெரியும்.

பொள்ளாச்சி_போர்செட்:
மறுபடியும் கேக்கறனுங்க, எத்தன பாயின்ட்? நான் 135க்கு நாலு பாயின்ட், மண்ணுல ஓடுற வண்டின்னா அஞ்சு விடுவேன், அதாவது 0.05 மில்லிமீட்டர். ரெண்டு விட்டு குடுக்குற லேத்தும் இருக்கு, கையில தள்ளுனா நைஸா போகுதேன்னு ஓனரும் சந்தோசப்படுவாரு. அப்புறம் போர் போட்டு முடிச்சதும் போர்ட், அதான் சிலிண்டர் சுவத்துல இருக்குற ஓட்ட, அதோட ஓரமெல்லாம் கத்தி மாதிரி நிக்கும், அத சின்ன அரத்துல சாச்சு தேச்சு விடணும், இல்லீன்னா ரிங் போய் மாட்டும். ரிங்க தனியா போருக்குள்ள எறக்கி ஃபீலர் கேஜ் தகடு விட்டு ரிங் நுனி கேப் பாத்தாங்களா? போருக்குள்ள ஹோனிங் கல்லு தேச்ச கோடு குறுக்கும் நெடுக்குமா இருந்துச்சா? இதெல்லாம் பாக்காம மில்லி மில்லின்னு பேசி என்ன ஆவப்போவுது.

மண்தடம்_மாரி:
லேத்துக்காரர் தொழில்காரர், அவரு பாக்காமயா விட்டிருப்பாரு. கேப் எல்லாம் நாங்க பாக்கல, புது ரிங் தானே.

பொள்ளாச்சி_போர்செட்:
புது ரிங்குக்குத்தானுங்க பாக்கணும்.

சேலம்_சைலன்ஸர்:
பாயின்ட், அரம், கேஜுன்னு சொல்லி சின்ன பசங்கள பயமுறுத்தாதீங்க. எங்க காலத்துல கேஜ் எல்லாம் யாரு வச்சிருந்தா? பிஸ்டன்ல ஆயில் தடவி, அம்புக்குறிய சைலன்ஸர் பக்கம் வச்சு, பிஸ்டன் பின் லாக்க சரியா உக்கார வச்சு, பேக்கிங் போட்டு ஹெட்ட குறுக்க குறுக்க முறுக்கணும், 50 ஊத்தணும், அவ்ளோதான். அந்த வீடியோகாரர் எனக்கு யாருன்னே தெரியாது, ஆனா அவர் சொன்ன ஒரு வார்த்தையில தப்பில்ல. லிட்டருக்கு 50.

கிக்கர்98:
அண்ணே, அவ்ளோ ஆயிலும் எங்க போவும்? பிளக் அடைக்கும், சைலன்ஸர்ல கறுப்பா ஒழுகும், பிஸ்டன் தலையில கரி கட்டும். புது ரிங் உக்காரணும்னா அது போர்ல கொஞ்சம் ஒரசித்தான் ஆகணும், எண்ணெய்ல மொதக்க விட்டா எப்ப உக்காரும்?

சேலம்_சைலன்ஸர்:
கரி கட்டுனா சொரண்டிக்கலாம். பிஸ்டன் உரிஞ்சா சொரண்ட முடியுமா? பதில் சொல்லுங்க.

ஷோகன்_பித்தன்:
கரிய சொரண்டுறதே அவருக்கு வருமானம், விடுங்க கிக்கர்.

சேலம்_சைலன்ஸர்:
என் வருமானத்த பத்தி பேச நீங்க யாரு? இருவது ரூவா கூட வாங்காம பசங்களுக்கு ஹெட் கழட்டி குடுத்திருக்கேன். வார்த்தைய பாத்து விடுங்க.

மண்தடம்_மாரி:
சண்ட போடாதீங்க. நான் இன்னிக்கு லேத்துக்கு போன் போட்டேன், மூணு பாயின்ட் விட்டதா சொல்றாரு. ஆனாலும் நான் சொல்றேன், 50 ஊத்தலன்னா அந்த பிஸ்டன் நின்னிருக்கும்.

பொள்ளாச்சி_போர்செட்:
மூணா! அதத்தானுங்க நேத்துல இருந்து கேட்டுட்டு இருக்கேன். வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அந்த பையன் எத்தன நிமிசம் சூடாக்குனான்?

மண்தடம்_மாரி:
சூடாக்குனானான்னு நான் கேக்கல. ஞாயித்துக்கிழம 58.75க்கு போட்டு 25 ஊத்தி நானே எறக்குறேன், அப்ப பாருங்க.

சேலம்_சைலன்ஸர்:
25 ஊத்தி எறக்கு தம்பி. 59 பிஸ்டன் இப்பவே வாங்கி வச்சுக்க, தேவப்படும். 50.

கிக்கர்98:
அப்ப அந்த ரன்-இன் எதுன்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் சொல்லல.