அரெதே: அறமா, மறமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): ஞாயிறு ஏற்காட்டில் வாசகர் வட்டம், ஹோமரின் கிரேக்கக் காவியம் இலியட் பேசுகிறோம். அதில் சிறப்பைக் குறிக்க வரும் 'அரெதே' என்ற கிரேக்கச் சொல்லை அறம் என்று சொல்லலாமா?

பதில்: 20ஆம் காண்டத்திலேயே இடிக்குமே. டிராய் மன்னன் பிரியாமின் கடைக்குட்டி பொலிதோரஸ், தன் கால்களின் அரெதேயைக் காட்ட முன்னணியில் ஓடுகிறான். கிரேக்க வீரன் அகிலீஸின் ஈட்டி முதுகில் பாய்ந்து தொப்புள் வழியே வெளிவருகிறது. 23இல் குதிரைகளுக்கும் அரெதே உண்டு. குதிரைக்கு ஏதுங்க அறம்? 'திறம்' ஒட்டும்.

இன்னொரு பதில்: மறம்னும் சுருக்காதீங்க. 9இல் வளர்ப்பாசான் ஃபீனிக்ஸ் அகிலீஸுக்குப் பழக்கியது பேச்சும் செயலும். ஹோமரின் இன்னொரு காவியம் ஒடிசி 17இல், ஒடிசியஸின் பன்றி மேய்ப்பன் யூமயஸ் சொல்வது முக்கியம்: அடிமைப்படும் நாளில் ஒருவனின் பாதி அரெதேயைத் தேவர் தலைவன் ஜீயஸ் பறித்துவிடுகிறார். நிலை சரிந்தால் இதுவும் சரியும். என் ஓட்டு 'மாட்சி'க்கு.

கேட்டவர்: ஒடிசியஸின் மனைவி பெனலோப்பிக்கும் பொருந்துமா?

பதில்: ஒடிசி 18 பாருங்க. கணவன் டிராய்ப் போருக்குக் கப்பலேறியதும் தன் அரெதே, அழகு எல்லாம் போச்சுன்னு அவங்களே சொல்றாங்க.