ஆச்சி வீடு, கல்லிடைக்குறிச்சி

பிச்சையா: அம்மா நேத்து ராத்திரியும் இன்னைக்கு காலையிலயும் சுகர் மாத்திரை போடலையாம். அம்மா ஃபோன்ல மாத்திரைய ஞாபகப்படுத்துத ஆப்புல செவப்பா காட்டுது. செல்வி மைனி, வீட்லதானே இருக்கிய?

செல்வி: போட்டாச்சு. நான்தான் கையில எடுத்துக் குடுத்தேன்

பிச்சையா: அப்பொ ஏன் செவப்பு

செல்வி: அத ஆப்புகிட்ட கேளுங்க

முத்து: ஏல பிச்சை, ஆனித் தேருக்கு வர நேரமில்ல, சென்னையில இருந்து வேவு பாக்க மட்டும் நேரமிருக்கோ

செல்வி: செவப்பப் பாத்துட்டு அத்தையே இன்னொண்ணு முழுங்கப் போனாவ முத்து மைனி. நல்லவேளை கண்டுட்டேன்

சங்கரன்: எப்ப? எங்கிட்ட சொல்லவே இல்ல

செல்வி: நீங்க கடையில

கண்ணன்: ஐயோ, கிளிமிபிரைடா? அத ரெண்டு தடவ போட்டா சுகர் சட்டுனு எறங்கிரும் அத்தை. வேர்த்து நடுங்குனா உடனே விரல்ல குத்தி சுகர் பாருங்க. 70க்குக் கீழன்னா மூணு நாலு டீஸ்பூன் சீனிய தண்ணியில கலக்கிக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாக்கணும். நேத்து வீடியோ கால்ல ஆச்சிய ஆப்புல உள்ள பட்டன அமுக்கச் சொல்லிப் பாத்தேன். விரல் காஞ்சு கெடக்கு, தொட்டா ஸ்கிரீன் எடுக்க மாட்டுக்கு. அமுக்கிப் பிடிச்சா வேற என்னமோ தொறக்குது. பட்டன் வெளிறுன நீலம், அதுல வெள்ளை எழுத்து. வயசானா கண்ணு லென்ஸ் மஞ்சளாயிரும், நீலம் மங்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 வெளிச்ச வித்தியாசம் வேணும்னு உலக அளவுல விதியே இருக்கு. மணிச் சத்தமும் கீச்சுங்கு, காது மந்தமானா அந்தச் சத்தம்தான் மொதல்ல போகும். அதோட

சங்கரன்: சுருக்கிச் சொல்லுடே

முத்து: எம்புள்ள பேசுனா மட்டும் ஒனக்கு நீளம்

கண்ணன்: இந்த ஆப்பு ஆச்சிக்குன்னு செஞ்சதில்ல மாமா. ஃபோன் வாங்கிக் குடுத்த மவனுக்குச் செஞ்சது

பிச்சையா: நாந்தான் வாங்கிக் குடுத்தேன். தப்பா?

சரோஜா சித்தி: வெண்டைக்காய ராத்திரி ஊறப்போட்டு அந்தத் தண்ணியக் குடிச்சா சுகர் ஓடியே போயிரும். எல்லாருக்கும் அனுப்பவும் 🙏

செல்வி: மக்களைத் தேடி மருத்துவத்துல வார புள்ள அட்டையில எழுதிக் குடுக்கா. அது அத்தைக்கு நல்லா வெளங்குது

கண்ணன்: அதேதான் அத்தை. ஒரே பெரிய பட்டன், போட்டாச்சுன்னா பச்சையாகி "போட்டாச்சு, இனி ராத்திரிதான்"னு வாயால சொல்லணும். நம்ம வீட்டுக் குரல்லயே பதிஞ்சிரலாம்

பிச்சையா: நான் பேசி அனுப்புதேன்

முத்து: ஒங்குரல் கேட்டா பத்திரத்துல கைநாட்டு வைக்கச் சொல்லுதான்னு பயந்துருவா

சங்கரன்: முத்து, அந்தப் பேச்சு வேண்டாம்

பிச்சையா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

முத்து: படிச்சுட்டேன்

சங்கரன்: ஞாயித்துக்கெழம மறுவீட்டுச் சொதிக்கு எத்தன பேரு? தேங்காக்கு இன்னைக்கே சொல்லணும்

சரோஜா சித்தி: எங்கள இன்னும் முறையா அழைக்கல

பிச்சையா: ஆப்ப அழிக்கவா வேண்டாமா, அதச் சொல்லுங்க

செல்வி: சித்தி, இவுகளக் கூட்டிக்கிட்டு சாயந்தரம் வாரேன்