யோசிக்காமல் செய்வது ஆன்மிகச் சாதனையா, பழக்கத்துக்கு இன்னொரு பெயரா?

நீரோட்டம்:
தினமும் ஒரு மணி நேரம் எதையும் திட்டமிடாமல், முதலில் எழும் உந்துதலை அப்படியே செய்வது. நிற்கத் தோன்றினால் நிற்பது, பாடத் தோன்றினால் பாடுவது. "செய்யலாமா?" என்ற கேள்வி எழும் முன்பே உடல் நகர்ந்திருக்க வேண்டும். 'நான் செய்கிறேன்' என்பவன் அந்தக் கேள்விக்குள்தான் குடியிருக்கிறான். சீனத் தாவோ மரபின் வூ வெய் (வலிந்து செய்யாமை), ஜென் பௌத்தத்தின் முஷின் (மனமற்ற நிலை), நம்ம 'சும்மா இரு' மூன்றும் இதைத்தான் சொல்கின்றன என்பது என் வாதம். மறுப்பு இருந்தால் வைக்கலாம்.

கல்தச்சன்:
இருக்கு. மூணையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டீங்க. அருணகிரிநாதர் கந்தரனுபூதியில "சும்மா இரு சொல்லற"ன்னு சொன்னது பேச்சும் நினைப்பும் அடங்குறதை. தோணினதைச் செய்யச் சொல்லலை.

வூ வெய்க்கு எல்லாரும் காட்டுற ஆள் சுவாங்ட்சுங்கிற பழைய தாவோ நூல்ல வர்ற சமையல்காரர் திங். மாடு வெட்டுறவர். மத்தவங்க மாசம் ஒரு கத்தி மாத்த, இவர் கத்தி 19 வருஷமாகியும் இப்பத்தான் சாணை பிடிச்ச மாதிரி இருக்கும். கதையில பாதியை மட்டும் சொல்லிட்டு விட்டுடறாங்க. மீதி என்னன்னா, ஆரம்பத்துல அவர் கண்ணுக்கு முழு மாடுதான் தெரிஞ்சுது. அது மறையவே 3 வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் எலும்பும் நரம்பும் பின்னிக் கிடக்கிற முடிச்சு வந்தா கை நிதானமாகுது, பார்வை அந்த ஒரே இடத்துல நிக்குது, கத்தி நகர்றதே தெரியாது. முதல் உந்துதலுக்கு விட்டிருந்தா கத்தி எலும்புல மோதியிருக்கும்.

நீரோட்டம்:
அந்த 3 வருடம் கத்திக்கு. உட்காரவும் நடக்கவும் குரல் எழுப்பவும் என்ன பயிற்சி வேண்டும்? இந்தோனேசியாவில் முகமது சுபு தொடங்கிய சுபுத் என்ற ஆன்மிக இயக்கத்தின் லத்திஹான் பயிற்சியைப் பாருங்கள். சுமார் அரை மணி நேரம். மந்திரம் இல்லை, ஆசனம் இல்லை, கற்றுத்தரும் அசைவும் இல்லை. உடல் தானாக அசைய விடுகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம்படி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லத்திஹானில் கற்றுத்தரும் அசைவு இல்லை என்பது சரி. ஆனால் வேலி இருக்கிறது. புதிதாக வருபவர் வழக்கமாக 3 மாதம் காத்திருந்த பிறகே சேர்க்கப்படுகிறார். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகச் செய்கிறார்கள். தொடங்குவதையும் முடிப்பதையும் சொல்ல ஒருவர் இருக்கிறார். ஓஷோவின் டைனமிக் தியானம் இதைவிட ஆவேசமானது, அதன் கணக்கைப் பாருங்கள்: ஒழுங்கற்ற வேக மூச்சு 10 நிமிடம், கட்டவிழ்ப்பு 10, 'ஹூ' என்று குதிப்பது 10, பிறகு இருந்த நிலையிலேயே உறைந்து நிற்பது 15, ஆட்டம் 15. மொத்த ஒரு மணி நேரத்தில், வந்ததை வந்தபடி கொட்டுவதற்கென்று ஒதுக்கியது 10 நிமிடம்தான். நிற்பதற்கு அதைவிட அதிகம். உங்கள் முறையில் கட்டவிழ்ப்பு 60, நிறுத்தம் பூஜ்யம்.

இன்னொன்று. மூச்சு தானாக வேகமெடுத்தால் பலர் அதைச் சக்தி எழுவதாக நினைத்துத் தொடர்கிறார்கள். விரல் நுனியில் ஊசி குத்துவது போல் இருப்பதும், கை விரல்கள் உள்ளே இழுத்துக்கொள்வதும், தலை கிறுகிறுப்பதும் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததன் அறிகுறி. உட்கார்ந்து, வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சை வெளியே விட்டால் சில நிமிடங்களில் அடங்கும். வலிப்பு, இதய நோய், உளப்பிறழ்வு உள்ளவர்கள் இந்த வேக மூச்சுப் பக்கமே போகக் கூடாது.

கல்தச்சன்:
நல்லாச் சொன்னீங்க. நான் இன்னும் அடியில போறேன். யோசிக்காம நடக்கிறதுல பெரும்பாலானது பழக்கம். கை போனை எடுக்குது, கட்டைவிரல் திரையைத் தள்ளுது, அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் ஆளுக்கே தெரியுது. ஒரு துளி யோசனை இல்லை. இதுவும் முஷினா?

பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. அசைவைப் பாதியில நிறுத்தி, மூணு மூச்சு அப்படியே இருங்க. பழக்கமா இருந்தா நமைச்சல் மாதிரி பிடுங்கும், முடிச்சே ஆகணும்னு எரிச்சல் வரும். தன்னியல்பா வந்ததுன்னா சத்தமில்லாம உதிரும், இல்லேன்னா வேற வடிவத்துல போகும். அதே அசைவு அதே வரிசையில மூணாவது நாளும் வந்தா அது ஒத்திகை பார்த்த நடனம்.

நீரோட்டம்:
நிறுத்திப் பார்ப்பவன் யார்? அவன்தானே கழற்ற வேண்டிய ஆள்! 2008-இல் சார்லஸ் லிம்ப் குழுவினர் ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளை ஸ்கேனருக்குள் வாசிக்க வைத்தார்கள். மனப்பாடமாக இல்லாமல் அந்தக் கணத்தில் புதிதாக உருவாக்கி வாசிக்கும்போது, தன்னைக் கண்காணிக்கும் வேலையோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிகள் அடங்கியிருந்தன. கண்காணிப்பு போனால்தான் ஓட்டம் வரும்.

கல்தச்சன்:
ஆறு பேர். ஆறு பேரும் தொழில்முறைக் கலைஞர்கள். ஸ்வரம் தெரியாத ஆளைப் படுக்க வச்சுக் கண்காணிப்பை அணைச்சா சத்தம்தான் வரும், இசை வராது.

17-ஆம் நூற்றாண்டுல ஜென் துறவி தகுவான், வாள்வீரர் யாக்யூ முனெனோரிக்கு எழுதின கடிதத்துல கருணையின் போதிசத்துவரான ஆயிரம் கை கன்னோனைக் காட்டுறார். மனசு ஒரு கையில நின்னா 999 கையும் வீண். 'தங்காதே'ங்கிறதுதான் அவர் பேச்சு. அதே கடிதத்துல தத்துவமும் தொழில்நுணுக்கமும் வண்டியோட ரெண்டு சக்கரம்னு சொல்றார். நீங்க ஒரு சக்கரத்தை மட்டும் உருட்டுறீங்க.

வள்ளுவர் கணக்கும் இதுதான்: "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு." யோசனைக்கு இடம் முன்னாடி. நடுவுல வந்தாத்தான் கேடு.

நீரோட்டம்:
அந்தக் குறள் அரசன் காரியத்துக்கு, பொருட்பாலில் இருக்கிறது. சாதனைக்கு இழுக்க வேண்டாம். தகுவான் விஷயத்தில் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, திருத்திக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் 20 நிமிடமாகிறது. 12 அசைவு, 8 அசையாமை. வெறுங்கால், ஆறடிக்கு ஆறடி காலி இடம், கையெட்டும் தூரத்தில் போனோ கண்ணாடிப் பொருளோ கூடாது. யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை, பணத்தைத் தொடுவதில்லை. ஆனால் நடுவில் நிறுத்திச் சோதிப்பதை ஏற்கமாட்டேன். ஒவ்வொரு அசைவுக்கும் பரீட்சை வைத்தால் காவல்காரன் கதவருகிலேயே நிற்பான்.

மூன்றாம்படி:
காவலை இன்னொருவரிடம் கொடுத்துவிடலாமே? 1950-களில் நடனக் கலைஞர் மேரி ஸ்டார்க்ஸ் வைட்ஹவுஸிலிருந்து வளர்ந்த அசைவு மரபில் அசைபவர் கண்ணை மூடுகிறார், சாட்சி ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறார். திருத்துவதில்லை, விளக்கம் சொல்வதில்லை. வேகமாகச் சுழல வந்தால் மட்டும் அசைபவர் கண்ணைத் திறந்துகொள்ள வேண்டும்.

கல்தச்சன்:
அது ஒத்துக்கிறேன். ஆனா சாட்சி பார்க்கிறார்னு தெரிஞ்சதும் அசைவு அவருக்குக் காட்டுறதுக்காக அழகா மாற ஆரம்பிக்கும். அது வந்தா அந்த 12 நிமிஷத்தை அங்கேயே முடிச்சுட்டு 8-க்குப் போங்க.