'செட்' என்ற சொல்லை எப்படிக் கற்பிப்பது? உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஆறாம் ஆண்டுத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'செட்' என்ற சின்னச் சொல் வகுப்பையே நிறுத்திவிட்டது. சூரியன் மறைவதும் செட், மேசையில் தட்டு அடுக்குவதும் செட், முறிந்த எலும்பைப் பொருத்துவதும் செட், அகார் அகார் (கடற்பாசி ஜெல்லி) இறுகுவதும் செட். கணிதத்தில் கணம், டென்னிஸில் ஆட்டப் பகுதி. போதாக்குறைக்கு, இறந்த காலத்திலும் வடிவம் மாறாது! 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதுதான். பிள்ளைகளை எப்படிக் குறை சொல்வது?

நம் 'வை' நினைவுக்கு வந்தது. அலாரம் வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், பெயரும் வைக்கிறோம். அதை வைத்துத் தொடங்கினால் அலாரம், தட்டு, 'செட் அசைட்' (ஒதுக்கி வைத்தல்) எல்லாம் எளிதில் புரிகின்றன. ஆனால் சூரியனும் அகார் அகாரும் அதில் அடங்கவில்லை. 'செட் ஆஃப்' புறப்படுவதா, பட்டாசைக் கொளுத்துவதா என்பது தனித் தொல்லை.

ஆசிரியர்களே, பொருள்களைக் குழுவாகப் பிரித்துச் சொல்லித் தருகிறீர்களா, வாக்கியம் வாக்கியமாகவா? தமிழ் விளக்கத்துடன் பயிற்சித்தாள் இருந்தால் இங்கேயே பகிருங்கள். அடுத்து 'ரன்' காத்திருக்கிறது.