காத்தாடிக்கு ஒரு கட்டு: பழைய டாக்குமென்ட் செட்களைப் புது ஷேர்பாயிண்டுக்கு எப்படிக் கொண்டு போவது?

வள்ளியூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூர் பக்கம் காத்தாடிகளை, அதாவது மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளை, பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பத்திரங்களையும் பதிவேடுகளையும் பார்த்துக்கொள்கிறேன். தெற்கே பணகுடி, ராதாபுரம், லெவிஞ்சிபுரம், வடக்கே சுரண்டை, ஊத்துமலை வரைக்கும் எங்கள் ஆட்கள் ஏறி இறங்கும் காத்தாடிகள் இருக்கின்றன. உரிமையாளர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூர், திருப்பூர் மில்காரர்கள். அவர்களுக்கு ஒரு பேப்பர் வேண்டுமென்றால் போன் எனக்குத்தான் வரும்.

ஒவ்வொரு காத்தாடிக்கும் எங்களிடம் ஒரு கட்டு உண்டு. கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மின்வாரிய ஒப்பந்தம், இன்சூரன்ஸ், கியர்பாக்ஸ் ஆயில் ரிப்போர்ட், வருஷா வருஷம் சேரும் சர்வீஸ் ரிப்போர்ட் எல்லாம் அதில் அடங்கும். இதை மைக்ரோசாஃப்டின் ஆவண மென்பொருளான ஷேர்பாயிண்ட் 2016 சர்வரில் டாக்குமென்ட் செட்களாக (தனக்கென்று விவரங்கள் கொண்ட ஒரு வகை ஃபோல்டர்) வைத்திருக்கிறோம். ஒரு செட்டைத் திறந்தால் மேலே எச்.டி. சர்வீஸ் எண் (உயரழுத்த மின் இணைப்பு எண்), சர்வே எண், கிராமம், தாலுகா, மாவட்டம், உரிமையாளர் பெயர் இருக்கும். கீழே பேப்பர்கள் வரிசையாக நிற்கும். மேலே ஒரு விவரத்தை மாற்றினால் கீழே உள்ள எல்லாப் பேப்பரிலும் அது மாறிவிடும்.

இதன் அருமை 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது தெரிந்தது. சுரண்டைப் பக்கத்துக் காத்தாடிகளுக்கு மாவட்டத்தைச் செட்டில் மட்டும் மாற்றினோம். உள்ளே இருந்த பத்திரம், ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் தொடவே வேண்டியிருக்கவில்லை. மின்வாரியப் பெயருக்கும் இதே கதைதான். பழைய ஒப்பந்தத்தில் தமிழ்நாடு மின்சார வாரியம், 2010-க்குப் பிறகு டான்ஜெட்கோ, 2024-க்குப் பிறகு வேறு பெயர். தொண்ணூறுகளில் நட்ட காத்தாடிகளின் பத்திரத்தில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்றே இருக்கும். பேப்பரில் என்ன பெயர் இருந்தாலும், தேடும்போது இன்றைய பெயரில் கிடைக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2016 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2026 ஜூலை 14-உடன் முடிகிறது. அதனால் ஷேர்பாயிண்ட் ஆன்லைனுக்குப் போகிறோம். மாற்றிக்கொடுக்க வந்தவர்கள், “டாக்குமென்ட் செட் எல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம், சாதா ஃபோல்டர் போட்டுத் தருகிறோம்” என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. புது ஷேர்பாயிண்டில் டாக்குமென்ட் செட் உயிரோடு இருக்கிறதா? மேலே விவரம் காட்டும் அந்த முகப்புப் பக்கம் வருமா? இல்லை, எல்லாவற்றையும் அவிழ்த்து வேறு மாதிரி கட்டுவதுதான் சரியா?

சோழிங்கநல்லூர் நெல்லைக்காரன்

அண்ணாச்சி, வணக்கம். நமக்குப் பூர்வீகம் களக்காடு, வேலை சென்னையில். ஷேர்பாயிண்ட் இடமாற்றம்தான் தொழிலே.

டாக்குமென்ட் செட் 2010 பதிப்பில் வந்தது. ஆன்லைனில் இன்னும் இருக்கிறது, எடுத்துவிடவில்லை. ஆனால் என் அபிப்பிராயம் வேறு: ஃபோல்டரும் வேண்டாம், செட்டும் வேண்டாம். எல்லாப் பேப்பரையும் ஒரே லைப்ரரியில் (ஷேர்பாயிண்டில் கோப்புகளை வைக்கும் இடம்) போடுங்கள். எச்.டி. சர்வீஸ் எண்ணை ஒரு விவரக் கட்டமாக வைத்து அதற்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) கொடுங்கள். பார்வையில் (‘வியூ’, பட்டியலைக் காட்டும் விதம்) அந்த எண்ணை வைத்து ‘குரூப்’ செய்தால் கட்டுக் கட்டாகவே தெரியும். கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. “இந்த மாசம் இன்சூரன்ஸ் முடியும் காத்தாடிகள் எவை?” என்று கேட்டால் ஒரே பார்வையில் வரும், கட்டு கட்டாகத் திறந்து பார்க்க வேண்டாம்.

ஒன்று மட்டும் முக்கியம். ஒரு பார்வை 5,000 வரிசைக்கு மேல் இழுக்கப் பார்த்தால் மக்கர் பண்ணும். அதனால் லைப்ரரி பெருகுவதற்கு முன்பே இன்டெக்ஸ் போட்டுவிடுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவிடாதீர்கள்.

பாளையங்கோட்டை பதிவறை

தம்பி சொல்வது ஆபீஸில் உட்கார்ந்து பேப்பர் ஏற்றுகிறவர்களுக்குச் சரி. காத்தாடிக்காரர்களுக்குச் சரிப்பட்டு வராது என்பது என் எண்ணம். பாளையங்கோட்டையில் ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பல வருஷமாக இருக்கிறேன். இதே கேள்வியோடு நாங்களும் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

ஆடி மாசக் காற்றில், டவர் அடியில் நின்றுகொண்டு ஒருவர் போனிலிருந்து ஆயில் ரிப்போர்ட்டை ஏற்றுகிறார் என்று வையுங்கள். ஒரே லைப்ரரி என்றால் அவர் சர்வீஸ் எண், சர்வே எண், கிராமம், தாலுகா எல்லாவற்றையும் அங்கேயே நிரப்ப வேண்டும். நிரப்ப மாட்டார். நிரப்பினாலும் ஒரு இலக்கம் தப்பிப்போகும், அந்த ரிப்போர்ட் பக்கத்துக் காத்தாடியின் கணக்கில் போய் உட்காரும். டாக்குமென்ட் செட்டில் அவர் செய்ய வேண்டியது சரியான கட்டைத் திறந்து உள்ளே போடுவது மட்டும்தான். மற்ற விவரங்கள் செட்டிலிருந்து தானாக ஒட்டிக்கொள்ளும்.

“ஃபோல்டருக்கும் இயல்பு மதிப்பு வைக்கலாமே” என்று மாற்றிக்கொடுப்பவர்கள் சொல்வார்கள். வைக்கலாம்தான். ஆனால் அண்ணாச்சி, உங்கள் தென்காசிக் கதைக்கு அது உதவாது. ஃபோல்டரில் வைக்கும் இயல்பு மதிப்பு, பேப்பர் உள்ளே நுழையும் நேரத்தில் ஒரு முறை முத்திரை குத்துவதோடு சரி. பிறகு ஃபோல்டரில் மதிப்பை மாற்றினால் புதிதாக வருபவற்றுக்குத்தான் புது மதிப்பு. ஏற்கெனவே கிடப்பவை பழைய மாவட்டத்திலேயே கிடக்கும். டாக்குமென்ட் செட்டில் ‘ஷேர்டு’ என்று குறித்த கட்டத்தை மாற்றினால் உள்ளே ஏற்கெனவே இருப்பவையும் மாறும். மாவட்டம் பிரிவதும், வாரியம் பெயர் மாற்றுவதும், காத்தாடி கைமாறுவதும் வாடிக்கையான தொழிலில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷேர்டு என்று குறித்தால் மட்டும் போதாது. உள்ளே போகும் பேப்பரின் கன்டென்ட் டைப்பிலும் (எந்த வகைப் பேப்பர், அதற்கு என்னென்ன கட்டம் என்ற வரையறை) அதே கட்டம் இருக்க வேண்டும். பத்திரத்துக்கு ஒரு வகை, ரிப்போர்ட்டுக்கு ஒரு வகை என்று வைத்திருந்தால் இரண்டிலும் சேருங்கள். ஒன்றில் விட்டுவிட்டால் அந்த வகைப் பேப்பருக்கு மட்டும் விவரம் இறங்காது. யாருக்கும் தெரியாமலே வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கும்.

தமிழ்ப் பேப்பர்களை நினைத்தும் சொல்கிறேன். பழைய பத்திரங்கள் ஸ்கேன் செய்த படங்கள். பழைய கடிதங்கள் பாமினி, வானவில் மாதிரி யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்தவை. பாமினியில் அடித்த ‘இராதாபுரம்’ தேடுபொறியின் கண்ணுக்குத் தமிழே அல்ல, ஏதோ ஆங்கில எழுத்துக் கோவை. யூனிகோடை அரசு தரமாக அறிவித்ததே 2010-இல்தான். அதற்கு முந்திய கோப்புகளை உள்ளே தேடிக் கண்டுபிடிக்க நினைப்பது வீண். அவற்றைத் தேடலில் கொண்டுவருவது மேலே ஒட்டியிருக்கும் விவரங்கள் மட்டுமே. அந்த விவரம் தப்பாக இருந்தால் பேப்பர் தொலைந்தது போலத்தான்.

வள்ளியூர்க்காரன்

அக்கா, ஃபோல்டருக்கும் செட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் அவர்களிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நன்றி. முகப்புப் பக்கம் பற்றியும் சொல்லுங்களேன். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள்.

பாளையங்கோட்டை பதிவறை

பழைய முகப்புப் பக்கம் அப்படியே வராது. புது லைப்ரரியில் செட்டைத் திறந்தால் ஃபோல்டர் திறப்பது போலத்தான் திறக்கும். விவரங்கள் வலது பக்கத் தகவல் பலகத்தில் இருக்கும், அங்கேயே திருத்தலாம். பழைய பக்கத்தில் நீங்கள் ஒட்டிவைத்த படம், வெப் பார்ட் (பக்கத்தில் பொருத்தும் துண்டு) எல்லாம் காணாமல் போகும். இது ஒரு குறைதான், மறைக்கவில்லை.

அதற்கு ஈடாக நாங்கள் செய்தது இது. தளத்தில் ஒரு புதுப் பக்கம் போட்டோம். இடது பக்கம் எங்கள் கோப்புகளின் பட்டியல், ஒரு லிஸ்ட். வலது பக்கம் லைப்ரரி. லைப்ரரி வெப் பார்ட்டில் ‘டைனமிக் ஃபில்டரிங்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இடது பக்க லிஸ்டோடு இணைத்துவிட்டால், லிஸ்டில் ஒரு வரியைத் தொட்டதும் வலது பக்கம் அதற்குரிய பேப்பர்கள் மட்டும் நிற்கும். உங்களுக்கு அந்த லிஸ்ட் காத்தாடிகளின் லிஸ்டாக இருக்கும். தொட்ட காத்தாடியின் சர்வீஸ் எண் பேப்பர்களிலும் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஷேர்டு கட்டம் அதைக் கொடுத்துவிடுகிறதே.

சோழிங்கநல்லூர்த் தம்பி கேட்ட இன்சூரன்ஸ் பார்வையும் கிடைக்கும். ஃபோல்டர்கள் இல்லாமல் காட்டும்படி ஒரு பார்வை அமைத்தால் எல்லாச் செட்டுக்குள்ளும் இருக்கும் பேப்பர்கள் ஒரே வரிசையில் வரும். அந்த 5,000 வரம்பு மட்டும் அங்கேயும் பொருந்தும், இன்டெக்ஸ் போட மறக்காதீர்கள்.

அம்பை டெக்னீஷியன்

நான் கணினி ஆள் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மின் கருவி பராமரிப்பு வேலை. எங்கள் ஆபீஸிலும் இதே டாக்குமென்ட் செட்தான். பயன்படுத்துகிறவன் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, ஒன்டிரைவ் சிங்க், அதாவது லைப்ரரியைக் கம்ப்யூட்டரிலும் ஃபோல்டராக வைத்துக்கொள்ளும் வசதி. கம்ப்யூட்டரில் சிங்க் செய்து வைத்தால் செட்டும் சாதா மஞ்சள் ஃபோல்டராகத்தான் தெரியும். புதிதாக வந்த பையன் அங்கேயே ‘நியூ ஃபோல்டர்’ போட்டுப் பேப்பர்களை உள்ளே தள்ளினான். அது செட் ஆகவில்லை, வெறும் ஃபோல்டராகவே மேலே போய்விட்டது. ஒரு விவரமும் ஒட்டவில்லை. புதுக் கட்டு வேண்டுமென்றால் பிரவுசரில், லைப்ரரியின் ‘நியூ’ மெனுவிலிருந்துதான் போட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

இரண்டு, பெயரின் நீளம். முகவரியில் ‘sharepoint.com’-க்குப் பிறகு வரும் பாதையும் கோப்புப் பெயரும் சேர்ந்து 400 எழுத்துக்குள் இருக்க வேண்டுமாம். தமிழில் பெயர் வைத்தால் நாம் எண்ணுவது போல் அது எண்ணாது. ‘கூ’ நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு. ‘ராதாபுரம் கிராமம் கிரையப் பத்திரம் அசல் நகல்’ என்று நீட்டி முழக்காமல், கிராமம், மாவட்டம் எல்லாம் விவரக் கட்டத்திலேயே இருக்கும்போது, கோப்புக்குக் ‘கிரையம்-1996’ என்று வைத்தாலே போதும். ஆட்களும் போனில் படிக்கச் சிரமப்பட மாட்டார்கள்.

சோழிங்கநல்லூர் நெல்லைக்காரன்

அக்கா சொன்ன ஷேர்டு கட்ட வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். விவரம் அடிக்கடி மாறும் இடத்தில் செட்தான் சரி.

அப்படியானால் அண்ணாச்சி, மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதுத் தளத்தில் ‘டாக்குமென்ட் செட்ஸ்’ என்ற சைட் கலெக்‌ஷன் வசதியை முதலில் இயக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு கன்டென்ட் டைப், பிறகு லைப்ரரி, கடைசியில்தான் கோப்புகள். வரிசை மாறினால் செட்கள் வெறும் ஃபோல்டராக வந்து இறங்கும். ஒரே ஒரு காத்தாடியின் கட்டை மாற்றிப் பாருங்கள். விவரம், பழைய தேதி, ஏற்றியவர் பெயர், பழைய பதிப்புகள் எல்லாம் வந்திருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரியான பிறகுதான் மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும்.

பழைய சர்வரில் 2010 வகை வொர்க்ஃபுளோ (தானாக நடக்கும் வேலை வரிசை) ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது ஆன்லைனில் 2020-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதே வேலையைச் செய்யும் பவர் ஆட்டோமேட்டில் புதிதாக எழுத வேண்டும். டாக்குமென்ட் செட்டை உருவாக்க அதில் நேரடி ஆக்‌ஷன் இருக்கிறது, இருந்தாலும் புதிதாக எழுதுவது ஒரு வேலைதான். மாற்றிக்கொடுப்பவர்கள் ஃபோல்டர் பக்கம் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் அது பெரிய வேலை இல்லை, செய்யச் சொல்லுங்கள்.

வள்ளியூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. செட் என்பதில் இனி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்னொரு சிக்கல் கண்ணெதிரே நிற்கிறது, அதையும் கேட்டுவிடுகிறேன். பழைய காத்தாடிகளைப் புதுப்பிக்க அரசு 2024-இல் கொள்கை கொண்டு வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய 250 கிலோவாட் காத்தாடிகளில் சிலவற்றை இறக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் பெரிய காத்தாடி ஒன்றை நிறுத்துவது பற்றி ஒரு முதலாளி பேசுகிறார். நாலைந்து கட்டுகள் ஒரு கட்டாகும். அப்போது பழைய செட்களை என்ன செய்வது? பேப்பர்களைப் புதுச் செட்டுக்குள் தூக்கிப் போட்டால், 1990-களின் கிரையப் பத்திரம் எல்லாம் புது சர்வீஸ் எண்ணை வாங்கிக்கொள்ளுமே?

பாளையங்கோட்டை பதிவறை

தூக்கிப் போடவே கூடாது அண்ணாச்சி. அந்தப் பத்திரம் பழைய காத்தாடிக்குரியது, அதன் எண்ணோடுதான் இருக்க வேண்டும். நாளைக்கு சார்பதிவாளர் ஆபீஸிலோ கோர்ட்டிலோ கேட்டால் பழைய எண்ணை வைத்துத்தான் கேட்பார்கள்.

பழைய செட்கள் அப்படியே இருக்கட்டும். செட்டுக்கு ‘நிலை’ என்று ஒரு கட்டம் சேர்த்து ‘இறக்கப்பட்டது’ என்று குறியுங்கள். புதுக் காத்தாடிக்குப் புதுச் செட் போட்டு, அதில் ‘முந்தைய சர்வீஸ் எண்கள்’ என்று பல மதிப்பு ஏற்கும் கட்டம் ஒன்று வையுங்கள். பழைய நாலு எண்ணும் அதில் இருக்கும். அதையும் ஷேர்டு ஆக்கிவிட்டால் பழைய எண்ணில் தேடுகிறவருக்குப் பழைய பத்திரமும் வரும், புது ஒப்பந்தமும் வரும். செட்டுக்குள் செட் வைக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த இரண்டு கட்டத்தையும் இடமாற்றத்துக்கு முன்பே கன்டென்ட் டைப்பில் சேர்த்துவிடுங்கள். முதலாளி முடிவு எடுக்கும்வரை காலியாகவே கிடந்தாலும் பரவாயில்லை.

வள்ளியூர்க்காரன்

சரி அக்கா, ‘நிலை’, ‘முந்தைய எண்கள்’ இரண்டையும் நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். சோதனைக்கு முதல் கட்டாகச் சுரண்டைப் பக்கத்துக் காத்தாடி ஒன்றை எடுக்கப் போகிறேன். மாவட்டமும் மாறியிருக்கிறது, உரிமையாளரும் மாறியிருக்கிறார், பாமினிக் கடிதமும் உள்ளே கிடக்கிறது. அது ஒழுங்காக வந்து சேர்ந்தால் மற்றவை வந்துவிடும். அம்பைத் தம்பி, உங்கள் ஆபீஸில் சிங்க்கை மொத்தமாக நிறுத்திவிட்டீர்களா, இல்லை, சொல்லிவைத்ததோடு சரியா? எங்கள் பையன்கள் சிங்க் இல்லாமல் இருக்க மாட்டார்கள், அதுதான் கேட்கிறேன்.

அம்பை டெக்னீஷியன்

லைப்ரரி செட்டிங்கில் சிங்க்கையே நிறுத்திவிட்டார்கள் அண்ணாச்சி. முதல் வாரம் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அதற்குப் பதிலாக, அவரவர் பார்க்கும் கருவிகளின் செட்டுக்கு லிங்க் எடுத்துப் போனின் முகப்பில் வைத்துக்கொடுத்தார்கள். இப்போது யாரும் சிங்க் கேட்பதில்லை.